ட்ரை ஒயிட் ஒயினை ருசி பார்ப்பது, நம் ஊர்ச் சாப்பாட்டோடு சேர்ப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

பயணிகள் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பல வருடம் ஒயின் ஊற்றிக் கொடுத்தவன் நான். இப்போது காட்பாடியில் வீடு. நண்பர்களும், ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்து முடித்த பிள்ளைகள் சிலரும் மாதத்துக்கு ஒருமுறை மொட்டை மாடிக்கு வருவார்கள். ஒரு பாட்டில் திறப்போம், அம்மா வடை போட்டுத் தருவார்.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். நாக்கு சரியில்லாமல் தோற்றவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சூடான பாட்டில், சாம்பார் வாசம் அடிக்கும் கிளாஸ், முதல் வாயிலேயே காரசேவு, இந்த மூன்றில் ஒன்றுதான் காலை வாரும். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒரு படியைத் தாண்டினால் அடுத்தது வேலை செய்யாது.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவர் அன்றைக்கு மோர் குடிக்கட்டும்.

1. ‘ட்ரை’ என்ற சொல்லை முதலில் சரி செய்துகொள்ளுங்கள்

ட்ரை என்றதும் நாக்கு வறண்டு போவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறக்குறைய மொத்தச் சர்க்கரையும் தீர்ந்து போன ஒயின்தான் ட்ரை. பொதுவாக ஒரு லிட்டரில் 4 கிராமுக்குள்தான் சர்க்கரை மிஞ்சியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் எவ்வளவு இனிக்கும்? அவ்வளவுதான்.

வாயை இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: துவர்ப்பு. பாக்கிலும் வாழைப்பூவிலும் இருப்பது. அது பெரும்பாலும் சிவப்பு ஒயினின் குணம். தோலோடும் விதையோடும் ஊறுவதால் வருவது. வெள்ளை ஒயினில் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துப் புளிக்க வைப்பதால் துவர்ப்பு மிகக் குறைவு. ட்ரை வெள்ளையில் நீங்கள் தேட வேண்டியது புளிப்பு.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைக்கிறவர் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்து, “கெட்டுப் போயிருக்கு போல” என்பார். புளிப்பை எதிர்பார்த்து வந்தவர் அடுத்த மடக்குக்குத் தயாராக இருப்பார்.

2. பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவைக்கு சாவின்யோன் பிளாங் வாங்குங்கள். இது திராட்சை வகையின் பெயர், ஒயினுக்கும் அதே பெயர்தான்; கீழே வரும் செனின் பிளாங், ஷார்டனே, வியோன்யே எல்லாம் அப்படியே. வாசனை பளிச்சென்று இருக்கும், புளிப்பு தெளிவாகத் தெரியும், பழகுகிறவருக்கு அடையாளம் பிடிக்க எளிது. நாசிக் பக்கத்தில் நன்றாகவே செய்கிறார்கள். நியூசிலாந்தின் மார்ல்பரோ பாட்டில் கிடைத்தால் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும்.

செனின் பிளாங் வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள். நம் நாட்டு செனினில் சில பாட்டில்கள் லேசாக இனிப்பு மிச்சம் வைத்தே வருகின்றன. அது குற்றமில்லை, காரத்துக்கு உதவும்கூட. ஆனால் ட்ரை எது என்று கற்றுக்கொள்ள வந்த அன்றைக்கு அது குழப்பும். பிரெஞ்சு லேபிளில் ‘செக்’ (sec) என்றும் ஜெர்மன் லேபிளில் ‘ட்ரோக்கன்’ (trocken) என்றும் இருந்தால் ட்ரை. ‘டெமி செக்’ (demi-sec), ‘ஹால்ப்ட்ரோக்கன்’ (halbtrocken) என்றால் பாதி இனிப்பு.

ஷார்டனே இரண்டு விதம். ஓக் பீப்பாயில் இருந்து வந்ததில் வெண்ணெய், வெனிலா வாசனை இருக்கும், வாயில் கனமாக இருக்கும். பீப்பாய் பார்க்காததில் ஆப்பிளும் எலுமிச்சையும். வியோன்யே பூ வாசம் வீசும், ஆனால் புளிப்பு குறைவு. இவை இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு.

அறுவடை ஆண்டைப் பாருங்கள். சாதாரண ட்ரை வெள்ளை வைத்திருந்து குடிப்பதற்கானது இல்லை. ஆண்டு போட்டு இரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. பழசானால் விலை கூடும், ருசி கூடும் என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது.

கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கிற பாட்டிலைத் தொடாதீர்கள். நம் வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காரின் டிக்கியில் விட்டுவைத்தால் பாட்டில் வெந்துவிடும். வெந்த ஒயினில் புதுப் பழத்தின் வாசனை போய், அவித்த பழத்தின் வாசனை வந்துவிடும்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

- காலுள்ள கண்ணாடி கிளாஸ், ஆளுக்கு ஒன்று. வயிறு அகன்று வாய் குறுகியிருக்க வேண்டும்
- வாளி அல்லது அகலமான குண்டான், ஐஸ், இரண்டு கைப்பிடி கல்லுப்பு
- ஆளுக்கு ஒரு சொம்பு, துப்புவதற்கு
- உப்பில்லாத பொரி, குடிக்கத் தண்ணீர்
- வெள்ளைக் காகிதம், பேனா

கிளாஸின் வாய் ஏன் குறுகியிருக்க வேண்டும்? வாசனை மேலே வந்து தங்குவதற்கு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் பாதி வாசனை காற்றோடு போய்விடும், நிறமும் தெரியாது. காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும்.

கிளாஸைக் கழுவியபின் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாசமோ, துடைத்த துணியின் வாசமோ, அலமாரி வாசமோ இருக்கும். வெந்நீரில் மட்டும் அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

இன்னொன்று, இடம். ஒருமுறை ஒரு நண்பர் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, பாட்டில் நல்ல பாட்டில், ஆனால் ஆறு பேரில் ஒருவருக்கும் ஒரு வாசனையும் பிடிபடவில்லை. அரை மணி கழித்துத்தான் உறைத்தது, பக்கத்து அறையில் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அண்ணி தலையில் நிறைய மல்லிகை வேறு. சமையலறையில் தாளிப்பு முடிந்து ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். சென்ட் போட்டவரைக் காற்று போகிற பக்கமாக உட்கார வையுங்கள், வேறு வழியில்லை.

சொம்பு பற்றி: நாலு பேர் முன்னால் துப்புவது நமக்குக் கூச்சம், எச்சில் என்ற எண்ணமும் உண்டு. அதனால்தான் ஆளுக்கு ஒரு சொம்பு. எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவது ருசியில் நாக்கு மரத்துவிடும். அதற்கப்புறம் சொல்வதெல்லாம் போதையின் பேச்சு.

4. குளிர வைப்பது

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேதான் தவறுகிறார்கள். இலக்கு 8 முதல் 10 டிகிரி. ஓக் பீப்பாய் ஷார்டனே என்றால் 11, 12 வரை போகலாம்.

வீட்டு ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 4 டிகிரியில் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் இருந்த பாட்டிலை நான்கு மணி நேரம் உள்ளே வையுங்கள். அப்புறம் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டுத் திறங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் அதிகக் குளிர்ச்சியில் வாசனை அடங்கிக் கிடக்கும், புளிப்பு மட்டும் கத்தி மாதிரி தெரியும். மாறாக, சூடாக இருந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நேரமில்லை என்றால் குண்டானில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமுக்கி வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தயார். வெறும் ஐஸை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. ஐஸ் கட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவே காற்றுதான் இருக்கும், அது சூட்டை மெதுவாகத்தான் எடுக்கும். தண்ணீர் பாட்டிலை முழுக்கத் தழுவும். உப்பு, ஐஸ்தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும். குல்ஃபிக்காரர் பானையில் செய்வது இதையேதான்.

ஃப்ரீசர் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் “அஞ்சு நிமிஷம் மச்சான்” என்று உள்ளே வைத்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனார். உறைந்த ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளிவிட்டது. மறுநாள் ஐஸ்க்ரீம் டப்பா முதல் பட்டாணிப் பை வரை எல்லாம் திராட்சை வாசம்.

கிளாஸில் ஐஸ் போடுவதும் வேண்டாம், ருசி பார்க்கிற அன்றைக்கு மட்டுமாவது. உருகி நீர்த்துவிடும். அப்புறம் நீங்கள் எதை ருசி பார்த்தீர்கள் என்றே சொல்ல முடியாது.

5. திறப்பது, ஊற்றுவது

திருகு மூடி இருந்தால் மலிவான ஒயின் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நியூசிலாந்தில் நல்ல ஒயின்களே பெரும்பாலும் திருகு மூடியில்தான் வருகின்றன. எனக்கு அதுதான் பிடிக்கும். கார்க் கெட்டு ஒயினைக் கெடுக்கும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

கார்க் என்றால் திருகியை நேராக நடுவில் இறக்குங்கள், கடைசிச் சுற்றுக்கு முன் நிறுத்துங்கள். முழுக்க இறக்கினால் அடிப்பக்கம் பொத்துத் துணுக்குகள் ஒயினில் விழும். விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, வடிகட்டிக்கொள்ளலாம்.

ஆளுக்கு 60 மில்லி ஊற்றுங்கள். 750 மில்லி பாட்டிலில் 12 ஊற்று வரும். கிளாஸில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. சுழற்ற இடம் வேண்டும், நம் ஊர் மாலைச் சூட்டில் அதிகம் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். பாட்டில் மறுபடி ஐஸ்தண்ணீருக்குப் போகட்டும்.

பாட்டில் அடியிலோ கார்க்கிலோ கண்ணாடித்தூள் மாதிரி பளபளவென்று ஏதாவது இருந்தால் பதற வேண்டாம். ஒயினிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமாகும். இந்த அமிலத்தின் பெயரை நினைவில் வையுங்கள், சாப்பாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

6. கண்

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். இளம் ஒயின் வைக்கோல் நிறத்தில், ஓரத்தில் லேசான பச்சை சாயலோடு இருக்கும். பீப்பாய் பார்த்தது கொஞ்சம் பொன்னிறம். இளம் ஆண்டு பாட்டில் தேநீர்ப் பழுப்புக்குப் போயிருந்தால் காற்று பட்டுக் கெட்டிருக்கலாம். மூக்கு அதை உறுதி செய்யும். அவ்வளவுதான்.

கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைக் காட்டித் தரம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அந்தக் கோடுகள் முக்கியமாக ஆல்கஹால் அளவைக் காட்டுகின்றன, தரத்தை இல்லை.

7. மூக்கு

முதலில் சுழற்றாமல் ஒரு முகர்வு. அப்புறம் கிளாஸை மேசைமேல் வைத்தபடியே அடியைப் பிடித்து நாலு சுற்று சுற்றிவிட்டு இன்னொரு முகர்வு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சுழற்றும்போது ஒயின் பரந்து காற்றோடு கலப்பதால் வாசனை கிளம்பும். நீளமாக இழுத்து முகராதீர்கள். பூ முகர்வது போலச் சின்னச் சின்னதாக இரண்டு முறை, அப்புறம் இடைவெளி. மூக்கு சீக்கிரம் பழகிப்போய் உணர மறுத்துவிடும்.

முதல் கேள்வி: கெட்டிருக்கிறதா? மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் கார்க் கெடுத்த ஒயின். நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் என்றால் காற்று பட்டது. வினிகர் என்றால் தெரிந்த கதை. தீக்குச்சி கொளுத்திய வாசம் மட்டும் பயப்பட வேண்டியது இல்லை. அது கந்தகம், ஐந்து நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: என்ன வாசனை? இங்கேதான் எல்லாரும் வாயடைத்துப் போகிறார்கள். “ஒயின் வாசனைதாண்ணே வருது” என்பான் ஒரு பையன். நான் செய்வது இது. காலையில் மார்க்கெட்டுக்குப் போய் எலுமிச்சை, பாதி பழுத்த கொய்யா, பச்சைக் குடைமிளகாய், ஆப்பிள், அன்னாசி வாங்கி வருவேன். ஒவ்வொன்றையும் நறுக்கிச் சின்னத் தட்டில் மூடி வைப்பேன். கொஞ்சம் தேன், கொஞ்சம் வெண்ணெய். ஒயினை முகர்ந்த உடனே ஒரு தட்டைத் திறந்து முகரச் சொல்வேன். “இதுவா, இது இல்லையா?” இவ்வளவுதான் கேள்வி. பெயரைத் தேடுவதைவிட ஒப்பிடுவது நூறு மடங்கு சுலபம்.

போன முறை அதே பையன் குடைமிளகாய்த் தட்டைத் திறந்தான், மூடினான், கிளாஸை எடுத்தான், மறுபடி தட்டைத் திறந்தான். “அண்ணே, இது உள்ளயே இருக்குது!” என்றான். இருக்கத்தான் செய்கிறது. சாவின்யோன் பிளாங் திராட்சையிலும் குடைமிளகாயிலும் பைரசின் என்ற ஒரே குடும்பத்து வாசனைப் பொருள்தான். கொய்யா வாசனை வேறு கூட்டம். அது கந்தகம் கலந்த மிக நுண்ணிய பொருட்களால் வருவது, ஈஸ்ட் வேலை செய்யும்போது வெளிப்படுவது.

ஆங்கிலக் குறிப்புகளில் இந்த ஒயினுக்கு கூஸ்பெரி வாசனை என்று எழுதியிருப்பார்கள். நம்மவர்கள் அதை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்துவிட்டு, நெல்லிக்காயைத் தேடித் தேடி ஏமாந்து போவார்கள். அது ஐரோப்பாவில் புதரில் காய்க்கும் வேறு பழம், நம் நெல்லிக்கு உறவே இல்லை. உங்களுக்குக் கொய்யா தெரிந்தால் கொய்யா என்று எழுதுங்கள்.

8. வாய்

ஒரு மடக்கு எடுங்கள், ஒரு டேபிள்ஸ்பூன் அளவு. உடனே விழுங்காமல் வாய் முழுக்கச் சுழற்றி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வரட்டும். காற்று வாசனையைத் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற்றுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். அது தவறு, நாக்கு முழுக்க எல்லா ருசியும் தெரியும். அதனால்தான் வாய் முழுக்கச் சுழற்றச் சொல்கிறேன்.

இப்போது வரிசையாக நான்கு கேள்விகள்.

இனிப்பு இருக்கிறதா? கொய்யா வாசனை வந்ததும் மூளை இனிப்பு என்று முடிவு கட்டிவிடும். இதை உடைக்க ஒரு வழி: மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். வாசனை அடைபட்டதும் நாக்கு தனியாகப் பேசும். இனிப்பு இல்லை, புளிப்பு மட்டும் என்று தெரிந்தால் ட்ரை. பிடியை விட்டதும் பழம் திரும்பி வரும். இந்த ஒரு பரிசோதனையைச் செய்தவர்கள் அப்புறம் ட்ரையையும் பழ வாசனையையும் குழப்பிக்கொள்வதில்லை.

புளிப்பு எவ்வளவு? துப்பியபின் தலையைக் குனிந்து வாயை மூடியிருங்கள். மாங்காயைப் பார்த்தால் ஊறுமே, அதுபோல எச்சில் ஊறும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு.

கனம் எவ்வளவு? தண்ணீரா, மோரா, பாலா என்று கேளுங்கள். சாவின்யோன் தண்ணீருக்கும் மோருக்கும் நடுவே. பீப்பாய் ஷார்டனே பால் பக்கம்.

எவ்வளவு நேரம் நிற்கிறது? விழுங்கியபின் மனதில் எண்ணுங்கள். ஐந்துக்குள் மறைந்தால் சாதாரணம், பத்தைத் தாண்டினால் நல்ல ஒயின். தொண்டையில் சூடு மட்டும் நின்றால் அது ஆல்கஹால், கணக்கில் சேராது.

எழுதி வையுங்கள், நான்கு சொல் போதும். சாப்பாட்டுக்குப் போகும் முன் இந்தக் குறிப்பு இல்லையென்றால் சாப்பாடு ஒயினை என்ன செய்தது என்று தெரியவே தெரியாது.

9. சாப்பாட்டுக்கு முன் ஐந்து கிண்ணங்கள்

நேரே பிரியாணிக்குப் போகாதீர்கள். பிரியாணியில் உப்பு, காரம், கொழுப்பு, புளிப்பு எல்லாம் ஒரே வாயில் வரும். எது ஒயினோடு சண்டை போட்டது என்று பிரிக்க முடியாது. அதனால் ஐந்து கிண்ணங்கள்: எலுமிச்சைத் துண்டு, உப்பு தூவிய வெள்ளரி, வெண்ணெய் தடவிய பிரெட், வெல்லம், பச்சை மிளகாய்ச் சட்னி. இதே வரிசையில்.

முறை: ஒரு மடக்கு ஒயின், ஒரு கடி, மென்று விழுங்கு, மறுபடி ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. வாயில் சாப்பாடு இருக்கும்போதே தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொள்வது நம் பழக்கம், இங்கே அது உதவாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவில் பொரி, தண்ணீர்.

எலுமிச்சைக்கு அப்புறம் ஒயினின் புளிப்பு இறங்கிவிடும், கிட்டத்தட்ட இனிப்பாகத் தோன்றும். உப்புக்கு அப்புறம் முரடு குறைந்து பழம் முன்னுக்கு வரும். வெண்ணெய்க்கு அப்புறம் ஒயின் வாயைக் கழுவித் துடைத்த மாதிரி செய்யும். வெல்லத்துக்கு அப்புறம் அதே ஒயின் வெறும் புளித்தண்ணீர். முகங்கள் கோணுவதைப் பார்க்க வேண்டுமே!

மிளகாய் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் அது வந்தபின் பத்து நிமிடத்துக்கு வேறு எதுவும் தெரியாது. மிளகாயின் காரம் ருசி இல்லை, எரிச்சல். ஆல்கஹாலும் நரம்பில் அதே இடத்தைத் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும், ஒயின் கசக்கும். தண்ணீர் குடித்தால் அடங்காது, ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிடுங்கள்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இரண்டு விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சாப்பாட்டின் இனிப்பும் அப்படியே.

10. நம் ஊர்ச் சாப்பாடு

எண்ணெய்ப் பலகாரத்தில் தொடங்குங்கள். தோல்வியே இல்லாத இடம் இது. சூடான மெதுவடை, கீரை வடை, வாழைக்காய் பஜ்ஜி, எதுவானாலும் சரி. ஒயினின் புளிப்பு எண்ணெயை அறுக்கும், அடுத்த கடிக்கு வாய் தயாராகும். காரச் சட்னி வேண்டாம். மிளகாய் குறைத்த கொத்தமல்லிச் சட்னி போதும். சாவின்யோனின் பச்சை வாசனையும் கொத்தமல்லியும் கூடப் பிறந்தவை மாதிரி ஒட்டும். உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலையும் நன்றாகச் சேரும், அது நம் பக்கத்தில் பஞ்சமில்லாமல் கிடைப்பது.

அடுத்தது மீன். காவேரிப்பாக்கம் ஏரி மீனோ, சென்னையிலிருந்து வரும் கடல் மீனோ, எண்ணெயில் வறுத்தது. மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து மஞ்சள், மிளகு, பூண்டு, உப்பு. சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள். பிழியாமல் ஒரு துண்டு, பிழிந்து ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள், முதல் கிண்ணத்தில் கற்றது இங்கே வேலைக்கு வரும். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் வரும் கவுச்சி இதில் அவ்வளவாக வராது. அந்தக் கவுச்சிக்குக் காரணம் ஒயினிலுள்ள இரும்பு, வெள்ளையில் அது பொதுவாகக் குறைவு.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆம்பூர் பிரியாணி. நேர்மையாகச் சொன்னால் ஆட்டுக்கறி பிரியாணிக்கு ட்ரை சாவின்யோன் போதாது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், இறைச்சிக் கொழுப்பு, சீரகச் சம்பாவின் மணம், இவற்றின் முன் ஒயின் காணாமல் போகும். கோழி பிரியாணி என்றால் பீப்பாய் பார்த்த ஷார்டனே தாக்குப் பிடிக்கும், தயிர்ப் பச்சடியைத் தாராளமாகப் போட்டுக்கொண்டால். காரம் தூக்கல் என்றால் நான் முன்னே தள்ளி வைத்த அந்த லேசான இனிப்புள்ள செனின்தான் சரி. கொஞ்சம் சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும். ட்ரைதான் உயர்ந்தது என்ற பிடிவாதம் வேண்டாம்.

பிரியாணியோடு வரும் கத்தரிக்காயைத் தனியாக வையுங்கள். அதில் புளி. முன்னே சொன்ன டார்டாரிக் அமிலம் நினைவிருக்கிறதா? புளியில் இருப்பதும் முக்கியமாக அதேதான். திராட்சையும் புளியங்காயும் ஒரே அமிலத்தைக் கொண்டு மோதும்போது புளியில்தான் அதிகம், அதுதான் ஜெயிக்கும். ஒயின் தண்ணீராகிவிடும். ரசம், வத்தக்குழம்பு, மீன் குழம்பு எல்லாவற்றுக்கும் இதே கதி.

ஆனால் கத்தரிக்காயை விட மனசில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காய் நம் இலவம்பாடியில் விளைவது. அதைத் தணலில் தோல் கருகச் சுட்டு, உரித்து மசித்து, உப்பு, நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், நாலு துளி எலுமிச்சை. புளி இல்லை, மிளகாய் இல்லை. அந்தப் புகை வாசமும் பீப்பாய் ஷார்டனேயும் சேரும்போது கப்பலில் பெரிய பெரிய தட்டுகளோடு ஊற்றியபோது கிடைக்காதது கிடைத்தது எனக்கு.

தேங்காய்ப்பால் விட்ட ஆப்பம், சொதி இருந்தால் வியோன்யே. தயிர்சாதத்தோடு ட்ரை வெள்ளை நன்றாகவே போகிறது என்றால் சிரிப்பார்கள்; மோர்மிளகாயை ஓரம் தள்ளிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

வேண்டவே வேண்டாம் என்பவை: ஊறுகாய், இட்லிப்பொடி, கேழ்வரகுக் களியோடு கருவாட்டுக் குழம்பு. கருவாடு ஒயினைக் கசப்பாக்கும், புளி நீர்க்கவைக்கும், மிளகாய் எரியவைக்கும். மூன்று பக்கமும் அடி. கருவாட்டுக் குழம்புக்கு மோர் போதும், அதன் பெருமையைக் கெடுக்காதீர்கள். அப்புறம் ஆற்காடு மக்கன் பேடா. விருந்தாளி வந்தால் கடைசியில் பேடா வைத்தே தீருவோம். பாகு சொட்டும் பேடாவை வாயில் போட்டுவிட்டு மேலே ட்ரை ஒயினைக் குடித்தால் வெல்லக் கிண்ணத்தின் கதை பத்து மடங்காக வரும். கிளாஸ்களை எடுத்து வைத்துவிட்டு, காபி போட்டு, அப்புறம் பேடாவை எடுங்கள்.

11. மிச்சம் இருக்கும் பாட்டில்

மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். படுத்தால் காற்று படும் பரப்பு கூடும். சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி வைப்பது இன்னும் நல்லது. மூன்று நாள் தாங்கும்.

மறுநாள் ஒரு மடக்கு ஊற்றி, முந்தைய நாள் குறிப்பை வைத்துக்கொண்டு பாருங்கள். குடைமிளகாய் வாசம் பெரும்பாலும் நிற்கும், கொய்யா முதலில் போகும். நான்காவது நாள் குடிக்கப் பிடிக்காமல் போனால், மீன் வறுத்த சட்டியில் எண்ணெயை வடித்துவிட்டு, பூண்டு தட்டிப் போட்டு அரை டம்ளர் ஊற்றிச் சுண்டவிடுங்கள். மீனின் மேல் விட்டுச் சாப்பிடலாம். வினிகர் வாசம் வந்துவிட்டால் சட்டிக்கும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.